அண்ணனுக்கு வெளங்குற மாதிரி எழுத ஆரம்பிச்ச கதை

2020 அக்டோபர்ல ஒரு நாள் சாயங்காலம் எங்க அண்ணன் வாட்ஸப்ல நாலு போட்டோ அனுப்புச்சு. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்துல பெரிய பெரிய உருண்டைக் கல்லு கிடக்கு, சிலது பூசணிக்காய் அளவு, சிலது அதை விடப் பெருசு, சுத்தி ஜனங்க நின்னு வேடிக்கை பாக்குறாங்க. கீழ ஒரு வாய்ஸ் மெசேஜ். "பாப்பா, டைனோசர் முட்டையாம், ஊரே போய்ப் பாத்துட்டு வருது, நீதான் கல்லு படிச்ச பொண்ணாச்சே, நெசமான்னு சொல்லு."

நான் ஜியாலஜி டீச்சர். திருச்சிப் பக்கம் ஒரு காலேஜ்ல பத்தொன்பது வருஷமா பாடம் எடுக்குறேன். என் பிஎச்டியே அந்த மண்ணுலதான், கிரிட்டேசியஸ்ங்கற, டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலத்துக் கடல் படிவுகள்ல இருக்கிற ஃபோராமினிஃபெராங்கற ஓட்டு உயிரிகளைப் பத்தி, ஒரு கடுகை விடச் சின்னதா இருக்கும், மைக்ராஸ்கோப்ல வச்சுத்தான் பாக்கணும். அதனால அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா. உடனே போன் போட்டேன். "அண்ணே அது முட்டை இல்ல, கான்க்ரீஷன், உள்ள ஒரு அம்மோனைட் நியூக்ளியஸ் மாதிரி இருக்கும், அதைச் சுத்தி கார்பனேட் ப்ரிசிபிடேட் ஆகி செடிமெண்ட்டை சிமெண்ட் பண்ணியிருக்கும், டைனோசர்லாம் நம்ம பக்கம் கிடையாது"ன்னு அஞ்சு நிமிஷம் பேசினேன். அண்ணன் பொறுமையா கேட்டுச்சு. கேட்டுட்டு சொல்லுச்சு, "நீ சொல்றது ஒண்ணும் வெளங்கல பாப்பா. யூட்யூப்ல ஒருத்தன் சொல்றான், அது நல்லா வெளங்குது. ஆனா அவன் முட்டைங்கறான்."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அண்ணன் பத்தாவது வரைக்கும் படிச்சது, பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு அந்த வருமானத்துல என்னை எம்எஸ்சி வரைக்கும் படிக்க வச்சது. அந்த மனுஷனுக்கு, அதோட சொந்த மண்ணுல கிடைச்ச ஒரு கல்லைப் பத்தி, என்னால சொல்ல முடியல. எந்திரிச்சு உக்காந்து தமிழ்ல டைப் பண்ணிப் பாத்தேன். மூணு வரிக்கு மேல வரல. இங்கிலீஷ்ல இருபத்திரெண்டு ஆராய்ச்சி பேப்பர் போட்டிருக்கேன், தமிழ்ல என் படிப்பைப் பத்தி ஒரு பத்தி எழுதினது இல்லைங்கறது அப்பத்தான் உறைச்சுது.

இன்னொன்னும் தோணுச்சு. பிஎச்டி பண்ணுன வருஷங்கள்ல நான் சாம்பிள் எடுத்த ஓடை, வயக்காடு, கிணத்து மேடு எல்லாம் யாரோ ஒருத்தரோடது. வெயில்ல சுத்துறதைப் பாத்து கூப்பிட்டு மோர் குடுத்தாங்க, சோறு போட்டாங்க, மழை வந்தா மாட்டுக் கொட்டாயில ஒதுங்க இடம் குடுத்தாங்க. "என்னம்மா பொறுக்குற"ன்னு கேட்டா "ஆராய்ச்சி பாட்டி"ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அந்த ஆராய்ச்சியில என்ன கண்டுபிடிச்சேன்னு ஒருத்தருக்கும் திரும்பப் போய்ச் சொல்லல. நான் எழுதின பேப்பர்ல பாதிக்கு மேல காசு கட்டினாத்தான் திறந்தே படிக்க முடியும், அதுவும் டாலர்ல. இது ரொம்ப நாளா நடக்குற விஷயம், ஆனா அதுல எனக்கும் பங்கு இருக்குன்னு அன்னைக்குத்தான் பட்டுச்சு.

மறுநாள் காலைல எங்க அத்தை பூஜை ரூம் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க மாமியார் வழியா வந்த சாளக்கிராமம் ஒண்ணு எங்க வீட்ல இருக்கு, சின்ன வெள்ளித் தட்டுல வச்சு தினம் தண்ணி ஊத்தி துடைப்பாங்க. அதைப் பாத்த உடனே எனக்கு வழி கிடைச்சிருச்சு. நேபாளத்துல முக்திநாத் பக்கத்துல கண்டகி ஆத்துல கிடைக்கிற சாளக்கிராமத்துக்குள்ள சக்கரம் மாதிரி தெரியுதே, அது அம்மோனைட்டோட சுருள்தான். இமயமலை எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அங்க கடல் இருந்துச்சு, அந்தக் கடல்ல வாழ்ந்த உயிர் அது. இன்னைக்கு இருக்கிற கணவாய்க்கு தூரத்து உறவு, ஆனா முதுகுல சுருள் ஓடு உண்டு. அதே வகை உயிர் நம்ம பெரம்பலூர் அரியலூர்லயும் இருந்துச்சு, ஏன்னா இங்கயும் கடல் இருந்துச்சு. இன்னைக்குக் கடல் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் கிழக்க இருக்கு, அன்னைக்கு குன்னம் கடலுக்கடியில.

அந்த உயிர் செத்து அடிச்சேத்துல விழுந்து புதைஞ்சுருது. சேத்துக்குள்ள காத்து கிடையாது, காத்து இல்லாத இடத்துல வாழுற பாக்டீரியா அதை அழுக வைக்குது. அழுகும்போது சுத்தி இருக்கிற தண்ணியோட குணம் மாறுது, தண்ணியில கரைஞ்சு இருந்த சுண்ணாம்பு படிஞ்சு சேத்தை இறுக்கிப் பிடிச்சுக்குது. கட்டட வேலையில மணலையும் ஜல்லியையும் சிமெண்ட் பிடிக்கிற மாதிரி. நாளாக நாளாக அந்தப் பிடி வெளியில பரவி உருண்டையாயிருது, அதைத்தான் நாங்க கான்க்ரீஷன்ங்கறோம். பல கோடி வருஷம் கழிச்சு அந்த இடம் கரையேறி, மழையில சுத்தி இருக்கிற களிமண்ணு கரைஞ்சு போயிரும், கெட்டியான உருண்டை மட்டும் நிக்கும். குன்னத்துல ஜனங்க பாத்தது அதுதான்.

இதை ஒரு பக்கம் எழுதி அண்ணனுக்கு அனுப்புனேன். அண்ணன் டீக்கடையில உக்காந்து சத்தமா வாசிச்சுக் காட்டியிருக்கு. சாயங்காலம் போன் பண்ணி, "இப்ப வெளங்குது பாப்பா. சரி, அப்ப கடலு ஏன் போச்சுன்னு கேக்குறாங்க, அதையும் எழுது"ன்னுச்சு. அப்படித்தான் ரெண்டாவது வந்துச்சு. மூணாவது, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்ல இருக்கிற கல்மரம் மரமா இருந்து எப்படிக் கல்லாச்சுன்னு. கடல் படிவுக்குள்ள 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் எப்படி வந்து படுத்துச்சுன்னு நானே அதுக்கு முன்னாடி மனசார யோசிச்சதில்ல. ஆத்து வெள்ளம் காட்டு மரத்தை அடிச்சுக்கிட்டு வந்து கடல்ல தள்ளி, அது சேத்துல புதைஞ்சு, மரச்சத்து இருந்த இடத்துல மணல்ல இருக்கிற சிலிக்காங்கற பொருள் வந்து உக்காந்துக்குச்சுன்னு எழுதும்போது எனக்கே மேல சிலிர்த்துச்சு.

அந்த மூணு முடிஞ்சதும், வாராவாரம் ஞாயித்துக்கிழமை ஒண்ணு எழுதணும், என் பேரைப் போட்டு, தமிழ்ல, எனக்குன்னு ஒரு பக்கம் வச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். முடிவு பண்றது சுலபம், அதுக்கப்புறம் நாலு மாசம் தயங்கினேன். அதையும் மறைக்காம சொல்லணும், ஏன்னா என்னை மாதிரி நிறைய பேர் அந்த இடத்துலதான் நிக்கிறாங்க.

கூட வேலை பாக்குற சீனியர் ஒருத்தர், என் மேல அக்கறை உள்ளவர்தான், "ஏம்மா, இதுல செலவழிக்கிற நேரத்துல வருஷத்துக்கு ஸ்கோபஸ் பட்டியல்ல வர்ற ஜர்னலுக்கு ஒரு பேப்பர் கூட எழுதலாமே, இது ப்ரமோஷனுக்கு எதுலயும் எண்ண மாட்டாங்களே"ன்னார். அவர் சொன்னது உண்மை. எனக்கு இதுனால ஒரு மார்க் வரல, ஒரு இன்க்ரிமெண்ட் வரல. நீங்களும் ஆரம்பிக்கிறதா இருந்தா இதை முதல்லயே மனசு தெளிஞ்சு ஏத்துக்கங்க, பின்னாடி எண்ணுவாங்கன்னு ஒரு ஓரத்துல நம்பிக்கை வச்சுக்கிட்டு எழுதினா ரெண்டு வருஷத்துல கசந்து போயிரும். என் பேப்பர் வேலைக்கு வார நாள், இதுக்கு ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணியில இருந்து ஆறரை வரைக்கும். வீடு எந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிருவேன், முடியலைன்னா அந்த வாரம் வராது, அடுத்த வாரம் வரும்.

இன்னொருத்தர், "தமிழ்ல எழுதினா ஆழம் போயிரும், வார்த்தையே இல்லையே"ன்னார். அதுக்கு எனக்குக் கோவம் வந்துச்சு. யாழ்ப்பாணத்துல மானிப்பாய்ல சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்னு ஒரு அமெரிக்க டாக்டர், 1860கள்லயே தமிழ்ல மருத்துவம் சொல்லிக் குடுத்து, அறுவை சிகிச்சை, உடற்கூறு, ரசாயனம்னு பாடப் புத்தகங்களைத் தமிழ்ல கொண்டுவந்துட்டார். வெளிநாட்டுல பொறந்து, இங்க வந்து மொழி கத்துக்கிட்டு, அந்தக் காலத்துல. நான் தமிழ்ல பொறந்து, தமிழ்ல பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ. வார்த்தை இல்லைன்னு நான் சொன்னா அது நியாயமே இல்ல.

ஆனா வார்த்தை விஷயத்துல நான் ரொம்ப திணறினேங்கறது நிஜம். முதல்ல எல்லாத்தையும் தமிழாக்கணும்னு அகராதியைப் புரட்டி, ஒரு பத்தியில ஒன்பது புதுச் சொல்லு போட்டேன். அண்ணன் படிச்சுட்டு "இது செய்யுள் மாதிரி இருக்கு பாப்பா"ன்னுச்சு. அப்புறம் ஒரு வழக்கம் வச்சுக்கிட்டேன். பள்ளிக்கூடப் புத்தகத்துல இருக்கிற சொல்லு முதல்ல. படிவுப்பாறை, உருமாறிய பாறை இதெல்லாம் ஒன்பதாவது படிக்கிற புள்ளைங்களுக்குத் தெரியும், வீட்ல புள்ளை இருந்தா அப்பாவுக்கும் காதுல விழுந்திருக்கும். ஊர்ல ஏற்கனவே ஒரு பேர் இருந்தா அதுக்கு மேல வேற பேர் வேண்டாம். கல்மரம்னு சாத்தனூர் ஜனங்க சொல்றாங்க, அதை விட நல்ல சொல்லு எந்த அகராதியில இருக்கு. ரெண்டும் இல்லைன்னா உலகம் முழுக்க சொல்ற பேரையே தமிழ் எழுத்துல எழுதிட்டு, அம்மோனைட், கிரிட்டேசியஸ்னு, பக்கத்துலயே ரெண்டு வரியில அது என்னன்னு சொல்லிருவேன். ஒரு கட்டுரைக்கு மூணு புது வார்த்தைக்கு மேல போறதில்ல. நாலாவது வந்தா அடுத்த வாரத்துக்கு ஒரு கட்டுரை கிடைச்சிருச்சுன்னு எடுத்து வச்சுருவேன்.

எண்ணுலயும் அப்படித்தான். நாங்க வாயைத் திறந்தா மில்லியன். நம்ம ஆளுங்களுக்கு லட்சம் கோடிதான். 66 மில்லியன்னு எழுதாம 6 கோடியே 60 லட்சம் வருஷம்னு எழுதினேன், அப்பவும் அது மனசுல உக்காரல. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க யோசிச்சு இப்படி எழுதினேன்: கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் கட்டி ஏறக்குறைய ஆயிரம் வருஷம் ஆச்சு, அந்த ஆயிரம் வருஷத்தை ஒரு நாள்னு வச்சுக்கங்க, ராஜேந்திர சோழன் நேத்து இருந்தார், அப்ப கடைசி அம்மோனைட் எப்ப இருந்துச்சுன்னா 180 வருஷத்துக்கு முன்னாடி. பெரம்பலூர் மாவட்டத்துல காரைங்கற ஊர் பக்கத்துல இருக்கிற படிவுகள் 10 கோடி வருஷத்துப் பழசு, அது அந்தக் கணக்குல 270 வருஷத்துக்கும் மேல. இதைப் படிச்சுட்டு ஜெயங்கொண்டத்துல இருந்து ஒரு அம்மா போன் பண்ணி, நான் கோயிலைப் பாக்கும்போதெல்லாம் இதான் ஞாபகம் வருதுன்னாங்க. கணக்கு ஒண்ணுதான், அவங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கிற அளவுகோலை எடுத்தா மனசுல நிக்குது.

பேர்கள் விஷயத்துல எனக்கு நடந்ததைச் சொல்லணும். எங்க பாடத்துல இந்தப் படிவுகளோட அடி அடுக்குக்கு ஒரு பேர் உண்டு, 1862ல பிளான்ஃபோர்டுங்கற வெள்ளைக்காரர் வச்சது, நான் காலேஜ் சேர்ந்த நாள்ல இருந்து அதை "உட்டாட்டூர்"னுதான் சொல்லிட்டு வந்தேன், என் சாரும் அப்படித்தான் சொன்னார், நானும் என் புள்ளைங்களுக்கு அப்படியே சொல்லிக் குடுத்தேன். தமிழ்ல எழுதப் போறப்ப எப்படி எழுதறதுன்னு தெரியாம பாடாலூர் பக்கம் போற பஸ்ல கண்டக்டர்கிட்ட கேட்டேன். அவர் "அது ஊட்டத்தூரும்மா, பெரிய சிவன் கோயில் இருக்கே"ன்னார். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்த ஊர் மண்ணை நான் பைல பைலயா அள்ளிட்டு வந்து லேப்ல வச்சிருக்கேன், ஊர் பேரைச் சரியா சொன்னதில்ல.

அதே மாதிரி டால்மியாபுரம் ஃபார்மேஷன்னு ஒரு பாறை அடுக்கு. சிமெண்ட் ஆலை வந்தப்ப ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பேர் வந்துச்சு, கல்லக்குடின்னுதான் இருக்கணும்னு 1953ல திமுக போராட்டம் நடத்தி கருணாநிதி தண்டவாளத்துல படுத்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஸ்டேஷன் பேர் மாறிருச்சு, பாறைக்கு வச்ச பேர் மாறல, ஏன்னா எங்க துறையில முதல்ல அச்சுல வந்த பேரைச் சுலபமா மாத்த மாட்டாங்க. இதைப் பத்தி எழுதின வாரம் ஜியாலஜின்னா என்னன்னே தெரியாதவங்க கூட படிச்சாங்க. கல்லக்குடின்னா கல்லு, குடி, அந்த ஊர்க்காரங்களுக்கு சுண்ணாம்புக்கல் பத்தித் தெரிஞ்சுதான் பேர் வச்சாங்களான்னு நிறைய பேர் கேட்டாங்க. கல்லங்குறிச்சி, கல்லமேடு, இப்படிக் கல்லுல ஆரம்பிக்கிற ஊர்ப் பேர் எங்க பாறை அடுக்குப் பட்டியல்லயே ரெண்டு மூணு இருக்கு. ஊர்ப் பேர் ஆராய்ச்சி பண்றவங்கதான் அதுக்குப் பதில் சொல்லணும், நான் என் எல்லையில நின்னுக்கிட்டேன்.

இப்ப தப்பு பத்தி. முதல் கட்டுரையிலயே ஒரு பெரிய தப்பு பண்ணேன். அண்ணன்கிட்ட போன்ல சொன்ன அதே வேகத்துல, "நம்ம பக்கம் டைனோசர் கிடையாது"ன்னு எழுதிட்டேன். ரிட்டையர்ட் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் நம்பர் தேடிப் பிடிச்சு போன் பண்ணி, "அம்மா, கல்லமேட்டுல எலும்பு கிடைச்சு பேரே வச்சிருக்காங்களே"ன்னு மெதுவா கேட்டார். அவர் சொன்னது சரி. அரியலூர் பக்கம் கல்லமேடு படிவுல பெரிய எலும்புகள் கிடைச்சு, 1980கள்ல அதுக்கு ப்ருஹத்காயோசாரஸ்னு பேர் வச்சாங்க, பெருத்த உடம்பு உள்ளதுன்னு அர்த்தம். அந்த எலும்புகள் பிற்பாடு பொடிஞ்சு போயிருச்சு, அதனால அது எவ்வளவு பெருசு, சரியா என்ன உயிர்னு இன்னைக்கு வரைக்கும் விவாதம் ஓடுது. இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம். முட்டைங்கற வதந்தியை அடிச்சுப் போடணும்ங்கற அவசரத்துல, தெரிஞ்ச உண்மையையும் சேத்து அடிச்சுட்டேன். அன்னைக்கே கட்டுரையோட தலைப்புக்குக் கீழயே தேதி போட்டு, இந்த இடத்துல தப்பா எழுதிட்டேன், சரியானது இது, சுட்டிக் காட்டினது ஒரு பள்ளி ஆசிரியர்னு எழுதினேன். பழைய வரியை அழிக்கல, அதையும் வச்சு அதுக்கு மேல திருத்தம் போட்டேன். ஜர்னல்ல தப்பு வந்தா திருத்தம் போடுறோம்ல, ஜனங்களுக்கு எழுதும்போது அதை விடக் கவனமா இருக்கணும், அவங்க இன்னொரு இடத்துல போய் சரி பாக்க வழி இல்ல.

அந்த வாத்தியார்கிட்ட இருந்து இன்னொன்னும் கத்துக்கிட்டேன். ஜனங்க தப்பா நம்புற விஷயத்தை எழுதும்போது, அவங்க ஏன் அப்படி நம்பினாங்கன்னு முதல்ல எழுதணும். 2009லயே செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைப் படிவம் கிடைச்சுதுன்னு எல்லா நியூஸ் பேப்பர்லயும் பெருசா வந்துச்சு. அதைப் படிச்சவங்க பதினோரு வருஷம் கழிச்சு பக்கத்து ஊர்ல உருண்டையா ஒண்ணைப் பாத்தா முட்டைன்னு நினைக்கத்தானே செய்வாங்க. அது அறிவுள்ள ஊகம். அதை ஒத்துக்கிட்டு, சரி இது முட்டையா இருந்தா ஓடு இருக்கணும், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவுல இருக்கணும், இங்க சின்னதும் பெருசும் கலந்து கிடக்கு, உடைச்சவங்க உள்ள சுருளைப் பாத்திருக்காங்கன்னு அவங்களோட சேர்ந்து நடந்து வந்தா யாருக்கும் மனசு நோகாது.

சரி, எழுதறதுனால எனக்கு என்ன கிடைச்சுதுன்னு கேப்பீங்க. எனக்குத் தெரியாதது என்னன்னு தெரிஞ்சுது. டீக்கடையில ஒரு பெரியவர், "அதெல்லாம் சரி, அது ஏன் உருண்டையா இருக்கு, சதுரமா ஏன் இல்ல"ன்னு கேட்டிருக்கார், அண்ணன் எனக்கு அனுப்புச்சு. நான் பதில் டைப் பண்ணப் போய் அப்படியே நிறுத்திட்டேன். பத்தொன்பது வருஷம் கான்க்ரீஷன்னு போர்டுல எழுதியிருக்கேன், எந்த மாணவனும் கேட்டதில்ல, நானும் என்னையே கேட்டுக்கல. ரெண்டு வாரம் பழைய பேப்பர் எல்லாம் எடுத்துப் படிச்சேன். சேறு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தா சுண்ணாம்பு எல்லாத் திசையிலயும் ஒரே வேகத்துல பரவும், அதனால பந்து மாதிரி வரும். சேறு அடுக்கு அடுக்கா இருந்து தண்ணி பக்கவாட்டுல சுலபமா போனா, உருண்டை அமுங்கி இட்லி மாதிரி தட்டையா வரும். ரெண்டையும் காரை பக்கம் நடக்கும்போது நான் கண்ணால பாத்திருக்கேன், ஏன்னு சேத்து யோசிச்சதில்ல. இப்ப என் கிளாஸ்ல முதல் நாளே இந்தக் கேள்வியைத்தான் கேக்குறேன். தமிழ் மீடியத்துல இருந்து வர்ற புள்ளைங்க முன்னாடி கடைசி பெஞ்சுல தலை குனிஞ்சு உக்காந்திருப்பாங்க, இப்ப அவங்கதான் முதல்ல கை தூக்குறாங்க, ஏன்னா ஓடையில அந்தக் கல்லை வச்சு விளையாடினது அவங்கதான்.

கவனமா இருக்க வேண்டிய இடமும் இருக்கு, இது என் துறைக்காரங்களுக்குக் கட்டாயம் சொல்லணும். ஆரம்பத்துல ஆர்வத்துல ஒரு ஓடையோட பேர், எந்த ரோட்ல திரும்பணும், எத்தனையாவது பாலம்னு எல்லாம் எழுதிட்டேன். ரெண்டு மாசத்துல அங்க கார்ல வந்து சுத்தியல் வச்சு உடைச்சு மூட்டையா எடுத்துட்டுப் போயிருக்காங்க. நான் அடுத்த தடவை மாணவர்களைக் கூட்டிட்டுப் போனப்ப, பத்து வருஷமா காட்டிட்டு வந்த ஒரு அம்மோனைட் இருந்த இடத்துல வெறும் குழி. அந்தக் குழியைப் பாத்தது இன்னைக்கும் வலிக்குது, காரணம் நான்தான். அதுக்கப்புறம் எந்த இடத்தையும் தாலுகா அளவுக்கு மேல சொல்றதில்ல, போட்டோவுல மைல்கல், கோயில் கோபுரம் தெரிஞ்சா வெட்டிருவேன், போன்ல எடுத்த போட்டோவுல இடம் பதிவாகியிருக்கும், அதையும் எடுத்துட்டுத்தான் போடுறேன். பாக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு சாத்தனூர் கல்மரப் பூங்காவும் அரியலூர் வாரணவாசியில இருக்கிற அருங்காட்சியகமும் இருக்கு, அங்க போகச் சொல்லி எழுதுறேன்.

இன்னொன்னு, மாணவர்களோட வேலை. என்கிட்ட பிஎச்டி பண்ற பொண்ணு கண்டுபிடிச்ச ஒரு விஷயம் ரொம்ப அழகா இருந்துச்சு, எழுதிரலாம்னு கை துறுதுறுன்னுச்சு. ஆனா அது அவ பேர்ல முதல்ல அச்சுல வரணும். நான் ஜனங்களுக்கு எளிமையா எழுதினதை வேற யாராவது எடுத்துக்கிட்டா அவளோட நாலு வருஷம் போச்சு. அவ பேப்பர் வர்ற வரைக்கும் காத்திருந்து, வந்த பின்னாடி அவளையே தமிழ்ல எழுத வச்சு, அவ பேர்ல போட்டேன். அவங்க அம்மா அதைப் பிரிண்ட் போட்டு வீட்ல மாட்டியிருக்காங்களாம். காலேஜ்லயும் முதல்லயே முதல்வருக்கு ஒரு கடிதம் குடுத்துட்டேன், என் சொந்த நேரத்துல, சொந்தக் கருத்தா, இந்த மாதிரி எழுதுறேன்னு. யாரும் கேக்கல, ஆனா குடுத்தது எனக்கு நிம்மதி. எழுதினது எல்லாத்தையும் மாசத்துக்கு ஒரு தடவை பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைல்லயும் வைக்கிறேன்.

எழுதுற முறை கேட்டாங்கன்னா, நான் முதல்ல டைப் பண்றதே இல்ல. அண்ணனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்றேன், அதை ரெக்கார்ட் பண்ணிக்கிறேன். எங்க "என்னது?"ன்னு கேக்குதோ அங்க நான் சரியா சொல்லலைன்னு அர்த்தம். எங்க "அட"ன்னு சொல்லுதோ அதை முதல் பத்திக்குக் கொண்டு வந்துருவேன். அப்புறம் ரெக்கார்டிங்கைக் கேட்டுக்கிட்டே டைப் பண்ணுவேன், முடிச்சதும் சத்தமா வாசிப்பேன், மூச்சு வாங்குற இடத்துல வரியை உடைப்பேன். உங்களுக்கு அண்ணன் இல்லைன்னா சித்தி, மச்சான், பக்கத்து வீட்டு அக்கா, யாராவது ஒருத்தர், முகம் தெரிஞ்ச ஆளா இருக்கணும். பொதுமக்களுக்குன்னு நினைச்சு எழுதினா எனக்கு இன்னைக்கும் வராது.

போன மாசம் அரியலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில இருந்து ஹெட்மாஸ்டர் கூப்பிட்டாங்க. ஏரியில நூறு நாள் வேலைக்குப் போன அம்மாக்கள் ஒரு உருண்டையைக் கண்டு, உடைக்காம, துணியில சுத்தி பள்ளிக்கூடத்துல கொண்டுவந்து குடுத்திருக்காங்க. மாவட்ட நிர்வாகத்துக்கும் தகவல் சொல்லியாச்சு, அவங்க வந்து பாத்துட்டு இப்போதைக்குப் பள்ளியிலயே பத்திரமா இருக்கட்டும்னு சொல்லியிருக்காங்க. அது பக்கத்துல ஒரு பலகை வைக்கணும், எட்டு வரி, நாலாவது படிக்கிற புள்ளைக்கு வெளங்கணும், கொண்டுவந்த அம்மாக்களுக்கும் வெளங்கணும், எழுதித் தாங்க மேடம்னு கேட்டாங்க. மூணு ஞாயித்துக்கிழமையா அதைத்தான் எழுதிட்டு இருக்கேன். ஆறு வரி வந்திருக்கு. ஏழாவதுல அந்த அம்மாக்களோட பேர் வரணும், யார் யார்னு விசாரிச்சுச் சொல்லச் சொல்லியிருக்கேன்.